சிலை நேர்த்தி, அடிமானம் சுமார்: பூங்காவுக்குக் கற்சிலை வைத்துத் தரும் பட்டறை

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பூங்காவுக்கு நான்கு கருங்கல் சிலைகள். செதுக்குவது, கொண்டுவந்து நிறுத்துவது, ஓராண்டு பராமரிப்பு எல்லாம் ஒரே பட்டறையின் ஒப்பந்தம். பட்டறை மயிலாடிப் பக்கம். நெல்லைச் சீமையில் சிலை என்றால் அங்கேதான் வண்டி கட்டுவார்கள்; அதற்கேற்ற கைவேலைதான். குடம் ஏந்திய பெண்ணின் சேலைக் கொசுவத்தைப் பாருங்கள், ஒரு மடிப்பில்கூட உளி தடுமாறவில்லை. கல்லும் சுத்தம். சுத்தியலால் மெல்லத் தட்டினால் தோள் முதல் பாதம் வரை ஒரே கணீர். 'பொத்'தென்று கேட்கும் கல்லில் உள்ளே விரிசல் ஓடும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இறக்கியதும் பதனமாகத்தான். கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. பத்து கன அடிச் சிலை முக்கால் டன். ஹைட்ரா கிரேனில் நைலான் பெல்ட் மாட்டி, பெல்ட் படும் இடமெல்லாம் சாக்கு வைத்துத் தூக்கினார்கள். ஒரு விரல் நுனிகூடப் பெயரவில்லை.

கோளாறு எல்லாம் காலுக்குக் கீழே. நான்குக்கும் ஒரே இரண்டடிக் குழி. மூன்று சிலை கெட்டிச் செம்மண்ணில் நிற்பதால் தப்பித்தன. நான்காவது, குளத்தோரம் கொட்டி நிரவிய மண்ணில். ஒரு மழைக்காலம் போனபின் தூக்குக்குண்டு பிடித்தால் ஐந்தடி உயரத்துக்கு 12 மில்லிமீட்டர் சாய்வு. நிரவிய மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரை வரும்வரை தோண்டியிருக்க வேண்டும். கரிசல் என்றால் இன்னும் கவனம்: மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்.

அடுத்தது முளைக்கம்பி, அதாவது சிலையையும் பீடத்தையும் உள்ளுக்குள் பிணைக்கும் கம்பி. இரண்டு சிலைகளில் சாதாரண இரும்புக் கம்பி, அதுவும் ஒற்றை. கணுக்காலருகே இப்போதே செம்பழுப்புக் கசிவு தெரிகிறது. துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் கல்லைப் பிளக்கும். இந்த அளவுச் சிலைக்கு 25 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் (எஸ்.எஸ். 304) கம்பி இரண்டு கேளுங்கள். ஒன்று மட்டுமென்றால் சிலை திரும்பிக்கொள்ள வழியுண்டு. சிலைக்குள் 8 அங்குலம், பீடத்துக்குள் 12 அங்குலம், துளை 32 மில்லிமீட்டர். துளைத்த தூளை ஊதி எடுத்து, ஈரம் காய்ந்தபின்தான் எப்பாக்சிப் பசை. தூள் கிடந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. சிலையை இறக்குமுன் கம்பியைப் படம் எடுத்து வையுங்கள், அப்புறம் யாராலும் பார்க்க முடியாது.

நெல்லைப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகள் இத்தனை நூற்றாண்டாக நிற்கவில்லையா என்று பட்டறையில் கேட்பார்கள். அவை தூணோடு ஒரே கல், தலைக்கு மேலே மண்டபம். பூங்காச் சிலைக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

பராமரிப்புதான் மோசம். மாதம் ஒருமுறை ஆள் வருகிறார், கையில் ஆசிட் பாட்டிலும் கம்பி பிரஷும். ஆசிட் கல்லிலுள்ள இரும்பைக் கிளறி மஞ்சள் கறையாக்கும்; பிரஷிலிருந்து உதிரும் கம்பித் துணுக்கு கல்லில் சிக்கித் துருவாகும். நல்ல தண்ணீர், காரமில்லாத சோப்புக் கரைசல், நைலான் பிரஷ் போதும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு எடுக்கலாம். புல்லுக்குச் சுற்றும் தெளிப்பான் போர் தண்ணீரைச் சிலை முழங்காலில் அடித்து வெள்ளை உப்புப் படலம் ஏற்றுகிறது. அதன் வாயைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

பெண் சிலைக்கு யாரோ பொட்டு வைத்திருக்கிறார்கள். அன்றன்றே துடைக்காவிட்டால் அடுத்த செவ்வாய்க்கு எண்ணெய் விளக்கும் வந்துவிடும்! எண்ணெய் இறங்கிய கறைக்குச் சீமைச் சுண்ணாம்புப் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பி, பாலிதீன் மூடி, ஒரு நாள் விட்டு எடுங்கள். ஒரே தடவையில் போகாது.

செதுக்க இவர்களிடமே கொடுக்கலாம். அடித்தளத்தை மட்டும் உள்ளூர் கட்டடப் பொறியாளரிடம் விடுங்கள். தொகையில் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரை கையில் வைத்திருந்து, தை பிறந்ததும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.