ஹெலிகாப்டர் பயிற்சிக்கு விஆர் ஹெட்செட்டா, பெரிய சிமுலேட்டரா?

ராபின்சன் ஆர்22 இரண்டே இருக்கை கொண்ட சின்ன ஹெலிகாப்டர். பறக்கும்போது என்ஜின் நின்றுபோனால், இடது கையில் இருக்கும் கலெக்டிவ் லீவரை (ரோட்டர் இறக்கைகளின் கோணத்தை மாற்றும் நெம்புகோல்) ஓரிரு விநாடிக்குள் இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் தலைக்கு மேல் சுழலும் ரோட்டரின் சுழற்சி மீட்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். யோசிக்காமலே கை இறங்கும் வரை இதைப் பழக வேண்டும். நிஜ ஹெலிகாப்டரில் அத்தனை முறை பழகுவது ஆபத்து. அப்படியானால் எதில் பழகுவது?

2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, ஆர்22க்கான விஆர் சிமுலேட்டர் ஒன்றுக்கு, அதாவது கண்ணில் மாட்டும் ஹெட்செட்டில் மெய்நிகர் காட்சி காட்டும் பயிற்சிக் கருவிக்கு, அங்கீகாரம் கொடுத்தது. விஆர் கருவி ஒன்றுக்கு அது கொடுத்த முதல் அங்கீகாரம் இதுதான். தயாரித்தது சுவிட்சர்லாந்து நிறுவனம். இன்று அதன் பெயர் லாஃப்ட் டைனமிக்ஸ்.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். விமான நிறுவனங்களின் பெரிய சிமுலேட்டரில், வளைந்த கண்ணாடியில் சுமார் 200 பாகை அகலமும் 40 பாகை உயரமும் கொண்ட காட்சி தெரியும். எல்லாமே தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும்படி அமைத்திருப்பார்கள். ஓடுபாதையை நோக்கி இறங்கும் போயிங் விமானிக்கு அது போதும். ஹெலிகாப்டர் விமானியோ காலுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி வழியாகத் தரையைப் பார்க்கிறார். புல்லுக்கும் தனக்கும் இடையே இரண்டு மீட்டரா மூன்று மீட்டரா என்று கணிக்கிறார். அதற்கு ஆழம் தெரிய வேண்டும். ஹெட்செட் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தருவதால் ஆழம் தெரிகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சியும் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் விஆருக்குத்தான் என் ஓட்டு, தயக்கமே இல்லாமல்.

கை விஷயம் வேறு. ஹெட்செட் மாட்டியவருக்குத் தன் கை தெரியாது. கணினி வரைந்த கைதான் தெரியும். லாஃப்ட் கருவியில் உண்மையான அளவில் காக்பிட்டும், ஆறு திசையில் அசையும் மேடையும் இருப்பதால் இது சமாளிக்கக்கூடியது. வெறும் ஹெட்செட்டோடு காற்றில் சுவிட்சைத் தொடுவதில் விரலுக்கு எந்தப் பயிற்சியும் கிடைக்காது.

சிலருக்குத் தலைசுற்றலும் வரும். அவர்களைக் கட்டாயப்படுத்தி உட்காரவைப்பதில் பலனில்லை.

2018இல் அமெரிக்க விமானப்படை டெக்சாஸின் ஆஸ்டினில் விஆரை மையமாக வைத்து ஒரு பயிற்சியை நடத்தியது. 20 பேரில் 13 பேர் சுமார் ஆறு மாதத்தில் தேறினார்கள். ஆனால் அவர்கள் டி-6 என்ற நிஜப் பயிற்சி விமானத்திலும் பறந்தார்கள். அதனால் வெற்றி முழுவதையும் ஹெட்செட்டின் கணக்கில் எழுத முடியாது.

பயணிகள் விமானத்துக்கு வந்தால் பெரிய சிமுலேட்டர்தான். காக்பிட்டில் புகை வந்தால் இரண்டு விமானிகளும் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முகத்தில் ஹெட்செட் இருக்கும்போது முகமூடியை எங்கே மாட்டுவது? மேலும், உயர்தர சிமுலேட்டரில் தேறிய அனுபவமுள்ள விமானி, புதிய ரக விமானத்தை முதன்முறை ஓட்டும்போதே பயிற்சி கேப்டன் பக்கத்தில் இருக்க, பயணிகளோடு பறக்கலாம். அந்த நம்பிக்கையை விஆர் இன்னும் சம்பாதிக்கவில்லை.

அப்புறம், புதிய ரகம் படிக்கிறவர்கள் காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எந்த சுவிட்ச் எங்கே, எதற்குப் பிறகு எது என்று விரலால் தொட்டுத் தொட்டு மனப்பாடம் செய்வது பழைய வழக்கம். அந்தக் காகிதத்தின் இடத்தில் ஒரு சாதாரண ஹெட்செட்டை இன்றே வைக்கலாம். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் பெரிய சிமுலேட்டருக்குள் போய் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.