அலாஸ்கா கப்பல் பயணம்: எல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான்

மே மாத அலாஸ்கா கப்பல்களுக்குக் கட்டணம் இறங்கியிருக்கிறது, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. சியாட்டிலில் ஏறியும் போயிருக்கிறேன், பிறகு வான்கூவரில் ஏறி என் பெற்றோருடனும் போயிருக்கிறேன். சில வருடங்கள் கழித்து இப்போது எது மனதில் நிற்கிறது என்று பார்த்தால், பெற்றோருடன் போனபோது கப்பல் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நுழைந்த நாள் மட்டும்தான் முழுசாக நிற்கிறது.

கேபின் அளவு, பஃபே, நீச்சல் குளம் பற்றியெல்லாம் எங்கும் படிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் நாள் இரவே சாப்பாட்டு அறைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு மறுநாளிலிருந்து பருப்பும் காயும் சப்பாத்தியும் தனியாகச் செய்து தந்தார்கள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

கிளேசியர் பேயில் காலையிலேயே பூங்காவின் ரேஞ்சர்கள் (காவலும் வழிகாட்டுதலும் அவர்கள் வேலை) சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் ஏணி பிடித்து ஏறுகிறார்கள். அன்று ஒலிபெருக்கி அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. எங்களுக்கு வந்தவர் முதலில் காட்டச் சொன்னது பனியை அல்ல, கரையிலிருந்த மரங்களை. 1794-ல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இங்கே வந்தபோது விரிகுடா என்று சொல்ல ஒரு சின்னக் குழிவுதான் இருந்ததாம், மீதி முழுக்கப் பனி. 1879-ல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்து பார்த்தபோது அந்தப் பனி 30 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் சுமார் 65 மைல் உள்ளே போனால்தான் விரிகுடாவின் தலைமாட்டில் பனியைப் பார்க்க முடியும். அதனால் வாயிலில் நிற்கும் நிலம் பனியிலிருந்து விடுபட்டு இருநூறு வருடங்களுக்கு மேலாகிறது, அங்கே ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்து கிடக்கின்றன. உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாகிப் புதர்களாகின்றன, பிறகு பாசி, கடைசியில் வெறும் பாறை. ஒரு காடு எப்படி உண்டாகிறது என்பதைச் சில மணி நேரத்தில் பின்னோக்கிப் பார்த்துவிடலாம். இதை யாராவது சொல்லித் தராவிட்டால் வெறும் பச்சை மலை என்று நினைத்துக்கொண்டு காபி குடிக்கப் போயிருப்போம்.

பனி முன்னேறியபோது ஊரை இழந்த ஹூனா டிலிங்கிட் என்ற பூர்வகுடி மக்களின் கதையையும் அவர் சொன்னார். 1700-களில் பனியாறு அவர்களுடைய கிராமங்களைத் துடைத்துத் தள்ளியது. அவர்கள் நீரிணையைக் கடந்து இப்போது ஹூனா என்றழைக்கப்படும் ஊரில் குடியேறினார்கள். 2016-ல்தான் விரிகுடாவின் வாயிலருகே பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுக்கென்று மறுபடியும் ஒரு குல வீடு எழுந்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டு வெகு நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஒரு மணி நேரம் போல நிற்கிறது. ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் சுமார் 250 அடி உயரம். பக்கத்திலேயே கிராண்ட் பசிபிக் பனியாறு கல்லும் மண்ணும் மூடிக் கருப்பாகக் கிடக்கிறது, சொன்னால்தான் அதுவும் பனி என்று தெரியும். நான் எதிர்பார்க்காதது சத்தம். சுவரிலிருந்து ஒரு துண்டு சரிவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, இடி மாதிரி சத்தம் பிறகுதான் வந்து சேர்கிறது. அது எல்லோரும் சொல்வதுதான். கப்பலைச் சுற்றி மிதக்கும் பனித்துண்டுகளின் சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. பனி இறுகியபோது உள்ளே அகப்பட்ட காற்று, நீரில் பனி கரையக் கரைய வெடித்து வெளியேறுகிறது. கீழ் டெக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போல அந்தச் சத்தம் நான்கு பக்கமும் கேட்கிறது. முழங்கால் வலியால் மலைப்பக்கமே போக முடியாத அம்மா, போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் என்ன விலையும் கொடுப்பேன்.

சரி, இப்போது கோபம்.

சியாட்டிலிலிருந்து போன பயணத்தில் நிறுவனம் தந்த கையேட்டின் அட்டையில் இதே மார்ஜரியின் படம்தான் இருந்தது. ஆனால் அந்தக் கப்பல் கிளேசியர் பேயின் பக்கமே போகாது. நிகழ்ச்சி நிரலில் 'பனியாறு காணும் நாள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அன்று கப்பல் எண்டிகாட் ஆர்ம் என்ற வேறொரு குறுகிய கடல் நுழைவுக்குள் திரும்பியது, மிதக்கும் பனி அதிகமாக இருந்ததால் பாதி வழியிலேயே திரும்பி வந்தது. கேப்டன் செய்தது சரி, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகாத இடத்தின் படத்தைக் காட்டி விற்றதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கேட்டால், பாதையை மாற்ற ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது என்றார்கள்.

கிளேசியர் பேக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. எந்தத் தேதியில் எந்தக் கப்பல் என்று பூங்காவே பட்டியல் போடுகிறது. கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஹப்பர்ட் பனியாற்றுக்குப் போகும் கப்பலைத் தேடலாம், அது 76 மைல் நீளம், இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கும் பனியாறு. எண்டிகாட் ஆர்முக்குப் பக்கத்திலுள்ள டிரேசி ஆர்மில் 2025 ஆகஸ்டில் பெரிய மலைச்சரிவு நடந்து அலை எழும்பியதால், பழைய அனுபவக் கட்டுரைகளை நம்பி அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

அந்த சியாட்டில் கப்பலின் ஒலிபெருக்கியையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜூனோவிலிருந்து கிளம்பிய மாலை, வெளிச்சம் சாய்ந்த நேரத்தில் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் தூரத்தில் நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தன. ஹவாயில் குட்டி போட்டுவிட்டுக் கோடையில் இரைக்காக இத்தனை தூரம் வரும் உயிர்கள். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிங்கோ, ஓவிய ஏலம், அங்குலக் கணக்கில் தங்கச் சங்கிலி என்று அறிவிப்பு மேல் அறிவிப்பு. முன்பக்கத் திறந்த டெக்கைப் பூட்டி வைத்திருந்தார்கள். சூதாட்டமும் கடைகளும் இருப்பதால்தான் டிக்கெட் இந்த விலைக்குக் கிடைக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. கப்பலில் உள்ள எல்லோரும் மலையைப் பார்க்க வந்தவர்களும் இல்லை. இருந்தாலும் அலாஸ்காவுக்கு வந்து அலாஸ்காவைப் பார்க்கவிடாமல் செய்வது என்ன நியாயம்?

துறைமுக ஊர்களில் ஸ்காக்வே ரயில் மட்டும் கொடுத்த காசுக்குக் குறையில்லை. தங்க வேட்டைக் காலத்தில், 1898-ல் தொடங்கி 1900-க்குள் போட்டு முடித்த குறுகிய பாதை. 20 மைலில் கிட்டத்தட்ட 2,900 அடி ஏறுகிறது. கெட்சிக்கனில் மழை, எப்போதும் மழை. ஜூனோவில் கப்பலை விட்டு இறங்கியதும் வரிசையாக வைரக் கடைகள், அதில் இந்தி பேசி உள்ளே கூப்பிடும் விற்பனையாளர்கள். சுமார் 32,000 பேர் வாழும் ஊர் அது. கூட்டம் தாங்காமல் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு கொண்டுவந்தார்கள். அந்தக் கடைத்தெருவைக் கடந்து மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பஸ் பிடித்துவிடுங்கள்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது விசா. வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்காவில் ஏற்றிய பயணிகளை வேறு நாட்டில் நிற்காமல் அமெரிக்காவைச் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விட முடியாது, 1886-ல் போட்ட சட்டம். அதற்காகவே சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. நீங்கள் அங்கே இறங்கவே போவதில்லை என்றாலும், விசிட்டர் விசாவில் வந்த இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசாவும் மறுபடி நுழைய இடம் தருவதாக இருக்க வேண்டும். எப்படியும் கனடா விசா எடுப்பதென்றால் வான்கூவரிலேயே ஏறிவிடலாம். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் ஆடிக்கொண்டு போகின்றன. வான்கூவரில் ஏறினால் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே அமைதியான நீரில் போகலாம், வயதானவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

இவ்வளவு சொன்ன பிறகும், எனக்காக இன்னொரு தடவை பெரிய கப்பலில் போவேனா என்றால் மாட்டேன். ஜூனோவுக்குப் பறந்து, அங்கிருந்து பூங்காவை ஒட்டிய குஸ்டாவஸ் என்ற சிற்றூருக்குப் போய், பார்ட்லெட் கோவில் தங்கிப் பகல் படகில் அதே மார்ஜரியைப் பார்ப்பேன். நடக்க முடிகிறவர்களுக்கு என் பதில் அதுதான், கப்பல் வேண்டாம். நண்பரின் அம்மாவுக்கு மூட்டு வலி, அப்பாவுக்கு இதய சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அவர்களைப் படகும் குட்டி விமானமுமாக மாற்றி மாற்றி ஏற்ற முடியாது. அவர் கப்பலிலேயே அழைத்துப் போகட்டும். மே மாதம் நல்லது, தென்கிழக்கு அலாஸ்காவில் மழை குறைவான மாதங்களில் அதுவும் ஒன்று. பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து ஆளுக்கொரு பைனாகுலர் வாங்கலாம், பனியாற்றின் முன்னால் எப்படியும் எல்லோரும் டெக்கில்தான் நிற்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் மட்டும் எந்தத் தேதியில் எந்தப் பனியாறு என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். எழுதித் தர மறுத்தால் அந்தக் கப்பலை விட்டுவிடட்டும், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும்.