கப்பலிலும் கரையிலும் ரப்பர் பட்டை: சில வருடம் இழுத்துப் பார்த்தவன் சொல்வது

சொகுசுக் கப்பலில்தான் ஜிம் இருக்கிறதே, அப்புறம் ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதாவது இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை, எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் மருமகனும் முதல் தடவை அதைத்தான் கேட்டார். "மாமா, டிக்கெட்லயே ஜிம் சேர்ந்திருக்கு. இந்த ரப்பரை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" சில வருடங்களாகக் கப்பலிலும் கரையிலும் அந்த ரப்பரோடு புழங்கிவிட்டேன். எடுத்துப் போகலாம், கட்டாயம் எடுத்துப் போகலாம். ஆனால் கப்பலில் அது நன்றாக உழைக்கிறது, நம்ம ஊரில் வைத்துப் பராமரிப்பதுதான் பாடு.

வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில். வடக்கே கொஞ்சம் நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகரை குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக் காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். அதற்கேற்ப நடக்கிற கரையை மாற்றிக்கொள்வேன். மகள் சிங்கப்பூரில் இருப்பதால் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போகும் கப்பல்களில் குடும்பத்தோடு போய் வருவது வழக்கமாகிவிட்டது. 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சொகுசுக் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு இலங்கைப் பக்கமும் ஒரு சுற்று வந்தாயிற்று.

எனக்குச் சர்க்கரை வரம்பில் நிற்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கை ஊரில் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். கப்பலில்தான் சிக்கல். மூன்று வேளையும் பஃபே, நடுவில் டீ, நள்ளிரவில் பீட்சா. இந்தியர் அதிகம் ஏறும் கப்பல்களில் தோசையும் கிடைக்கும். சாப்பாட்டைக் குறை சொல்ல நான் தயாரில்லை, காசு கொடுத்துப் போய்ப் பட்டினி கிடப்பதில் அர்த்தமும் இல்லை. சாப்பிட்ட கையோடு கால் மணி நேரம் நடந்துவிடுவேன். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நன்றாகவே மட்டுப்படுத்துகிறது.

சரி, ஜிம்முக்கு வருவோம். ஜிம் நுழைவு பொதுவாக இலவசம், யோகா, சைக்கிள் வகுப்புகளுக்குத்தான் தனியாகக் காசு. நான் பார்த்தவற்றில் கருவிகளைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது அது இருக்கும் இடத்தை. பெரும்பாலான கப்பல்களில் ஜிம்மை மேல் தளத்தில், முன்பக்கம், அணியம் என்கிற கப்பலின் மூக்கை ஒட்டி வைக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே கடல் விரிந்து கிடக்கும், பார்க்க ராஜபோகம்தான். ஆனால் கப்பல் ஆடும்போது மிகுதியாக ஏறி இறங்குவதும் அந்த இடம்தான். ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். வத்தையில் (சின்னப் படகில்) போய் வந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், அணியத்தில் உட்கார்ந்தவன்தான் முதலில் வாந்தி எடுப்பான்.

மலாக்கா நீரிணையில் இது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நிலம் அணைத்த கடல், கப்பல் போவதே தெரியாது. இலங்கையின் தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் கச்சான் காலத்தில் போனபோது கதை வேறு. ட்ரெட்மில்லில் கால் வைக்கும் நேரத்தில் தரை ஒரு விரற்கடை முந்தி மேலே வந்துவிடுகிறது, அடுத்த அடியில் பிந்திக் கீழே போகிறது. வேகத்தைக் குறைத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தேன். பக்கத்து மெஷினில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர் அவசர நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிட்டு நேரே கழிப்பறைக்குப் போனார். டம்பெல் தூக்குவதும் அந்த நேரத்தில் புத்திசாலித்தனம் இல்லை. கப்பல் சாய்ந்தால் எடை தலைக்கு மேலிருந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ரப்பர் பட்டையில் அந்த வம்பு கிடையாது. கையிலிருந்து நழுவினாலும் காலில் விழுந்து நசுக்காது. இழுக்க இழுக்கத்தான் பளு ஏறும், விட்டால் இறங்கிவிடும்.

கூட்டம் இன்னொரு தொல்லை. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே போகும் நாட்களில் காலையில் ஜிம்மில் நிற்க இடமிருக்காது. கரை தட்டும் நாளில் எல்லாரும் இறங்கிவிடுவார்கள், ஜிம் காற்றாடும். ஊர் சுற்றும் ஆசை இல்லாதவர்களுக்கு அன்றைக்குத்தான் யோகம்.

கேபினில் நான் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பட்டையோடு வரும் விளக்கத் தாள் கப்பலுக்கு ஒத்துவராது. அதில் பாதிப் படங்கள் கதவிடுக்கில் மாட்டும் நாடாவை வைத்துத்தான் இருக்கும். கதவில் மாட்டி இழுப்பதானால், நாம் இழுக்கும் இழுப்பில் கதவு இன்னும் இறுக மூடிக்கொள்ள வேண்டும். கேபின் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கம் திறப்பவை. உள்ளே நின்று இழுத்தால் தாழ்ப்பாள் ஒன்றுதான் தாங்குகிறது. போதாக்குறைக்கு அறையைச் சுத்தம் செய்கிற பையன் எந்த நேரமும் சாவியோடு வருவான். பால்கனிக் கம்பியிலும் கட்ட வேண்டாம், கூரையில் இருக்கும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் முனை பக்கமே போக வேண்டாம்.

ஆகவே கப்பலில் என் பாதம்தான் கொக்கி. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே இருக்கும் சந்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, நீளப் பட்டையை இரண்டு உள்ளங்காலிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வேன். ஒரு சுற்று அவசியம், இல்லாவிட்டால் விரல் பக்கமாக வழுக்கி முகத்தில் அடிக்கும். முழங்காலை லேசாக மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, தொப்புளை நோக்கி இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். விடுவதை அவசரப்படாமல் செய்தால்தான் முதுகில் பிடிப்பு தெரியும். அப்புறம் பட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னால் தள்ளுவது, பாதத்தால் மிதித்துக்கொண்டு பஸ்கி எடுப்பது. தண்டாலுக்குப் பட்டையே வேண்டாம், கட்டில் விளிம்பு போதும். நின்று செய்யும்போது காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி வைத்தால் கப்பல் சாய்வதோடு உடம்பும் சாய்ந்துகொடுக்கும். இருபது நிமிடத்தில் வேர்த்துவிடும். சாமான் சோதனையில் இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், இந்தப் பட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலுக்கு மட்டும் இது போதாது. வருடக்கணக்காக நடக்கிற காலுக்கு ரப்பர் தரும் பளு கொசுக்கடி. அதற்குக் கப்பல் படிக்கட்டு இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு தளம் உள்ள கப்பலில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஏறிவிடலாம். சாப்பாட்டுக்கு எப்போதும் படியில்தான் ஏறுவது என்று வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒப்பந்தம். அவள் அதை முதல் நாள் மட்டும் கடைப்பிடிப்பாள். மேல்தளத்தில் நடைபாதையும் உண்டு, எத்தனை சுற்று ஒரு மைல் என்று பலகை வைத்திருப்பார்கள். பொதுவாகச் சின்னச் சுற்றுதான், கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும். சூரியன் ஏறிய பின் போகாதீர்கள், மேல்தளம் தகிக்கும்.

ஆட்டம் அதிகமான நாளில் எதுவும் செய்ய வேண்டாம். நடுத் தளத்துக்கு இறங்கி, அடிவானத்தைப் பார்த்தபடி நின்றால் போதும். கண்ணும் காதின் உள்பகுதியும் வேறு வேறு சேதி சொல்வதால்தான் குமட்டுகிறது, அடிவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். வாந்தி மாத்திரை போட்டவர்களுக்குத் தூக்கம் சொக்கும், அந்த நிலையில் பட்டையைத் தொடாதிருப்பது நல்லது.

இனி கரைக்கு வருகிறேன். முதல் செட் கப்பலில் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்து, மண்டபத்து மொட்டை மாடியில் செத்தது. துணி காயப்போடும்போது வீட்டில் அதையும் சேர்த்துக் கொடியில் போட்டுவிட்டார்கள், அது பாட்டுக்கு அங்கேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது மேல்தோல் முழுக்கப் பொடிப் பொடியாக வெடிப்பு. இழுத்தால் உள்ளே வெளிர் நிறம் தெரிந்தது. இயற்கை ரப்பர் பாலில் செய்த பட்டைக்கு வெயிலின் புற ஊதாக் கதிரும் சூடும்தான் எமன். காற்றில் உள்ள ஓசோனும் இழுபட்டு நிற்கும் இடத்தில் வெடிப்பு விழவைக்கும். கடல் உப்பைச் சொல்லிப் பயப்படுவார்கள், உப்பு ரப்பரை அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. அது தின்பது இரும்பை.

அதைக் கைப்பிடி வைத்த டியூப் செட்டில் பார்த்தேன். ரப்பர் புதுசு போலவே இருந்தது, கொக்கியும் வளையமும் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் செம்பழுப்பாகி, கொக்கியின் வில் இறுகிவிட்டது. துருப்பிடிக்காது என்று சொல்லி விற்றவரிடம் போய்க் கேட்டேன். "கடற்கரையில வச்சா எல்லாம் துருப்பிடிக்கத்தான் செய்யும் சார்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட வேண்டியிருந்தது. அந்தக் காற்றில் சில நூறு ரூபாய்க் கொக்கி எந்த மூலைக்கு? ஆனால் விற்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம். அதிலிருந்து இரும்பே இல்லாத, வட்டமாக வார்த்த நீளப் பட்டைதான் வாங்குகிறேன்.

மூன்றாவது எதிரி எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு பட்டையைப் பிடித்தால், பிடித்த இடம் நாளடைவில் உப்பி, பிசுபிசுத்து, வலுவிழக்கிறது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. கப்பலில் பூசும் சன்ஸ்கிரீனுக்கும் இதே கதை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள். வியர்வை பட்ட பட்டையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, கொஞ்சம் முகப்பவுடர் தூவிச் சுருட்டி டப்பாவில் போட்டுவைத்தால் ஒட்டிக்கொள்ளாது. எங்கள் பகுதியில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதனால் குடத்தில் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு இதற்குப் போகிறது. வீட்டில் அதற்கும் பேச்சு வாங்குகிறேன்.

அரியமான் கடற்கரைக்குப் போனால் சவுக்கு மரத்தில் கட்டி இழுப்பேன். நல்ல நிழல், நல்ல காற்று. சவுக்கு மரத்தின் தோல் சொரசொரப்பு, நேரடியாகச் சுற்றினால் ரப்பரை அராவிவிடும். மரத்துக்கு ஒரு பழைய துண்டைச் சுற்றி அதன்மேல் மாட்ட வேண்டும். முடிந்ததும் பொதுபொதுவென்று இருக்கும் காய்ந்த மணலில் ஒரு நடை. கெட்டித் தரையில் நடப்பதைவிட இதற்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கப்பல் போவதற்கு முந்தைய வாரங்களில் இதைச் செய்துவிட்டுப் போனால் கப்பல் படிக்கட்டு இலேசாகத் தெரியும்.

அங்கே கரைவலைக்காரர் ஒருவர் தினமும் கேலி செய்வார். "என்னண்ணே, சைக்கிள் டியூப்பைக் கட்டி மரத்தைச் சாய்க்கப் போறீங்களா?" வலை இழுக்கிற அவர் முதுகுக்கு இது தேவையே இல்லை, அதை அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனால் கேலியில் ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது வரும் சைக்கிள் டியூப்புகள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். அது வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், ஆனால் பட்டை அளவுக்கு நீளாது. செலவில்லாமல் பழக நினைப்பவர்கள் பழைய டியூப்பில் தொடங்கிப் பார்க்கலாம்.

வாங்குபவர்களுக்கு: நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொன்றின் சிவப்பை விட லேசாக இருக்கும், அகலத்தையும் கனத்தையும் பாருங்கள். தன் நீளத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் எந்தப் பட்டையையும் இழுக்க வேண்டாம். பயன்படுத்தும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக இழுத்துப் பிடித்தால் ஊசித்துளையும் கீறலும் தெரிந்துவிடும். தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், கண்ணில் அடித்தால் சாதாரணமாகப் போகாது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்குவதானால் வாசலில் வெயிலில் தொங்குவதை எடுக்காதீர்கள். உள்ளே பெட்டியில் இருப்பதைத் தரச் சொல்லி, கடையிலேயே ஒரு தடவை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.