கிரேஸ் கதீட்ரல் லாபிரிந்த்: மூன்று முறை நடந்தபின்

மகள் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். ஆறு மாதம் அவளோடு தங்க வந்திருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் சுற்றிப் பார்த்த இடங்களில், மறுபடியும் போக வேண்டும் என்று மனசு கேட்டது ஒன்றைத்தான்: நாப் ஹில் மேட்டில் இருக்கும் கிரேஸ் கதீட்ரல் என்ற பேராலயத்தின் லாபிரிந்த், அதாவது நடப்பதற்காகத் தரையில் போட்ட சுற்றுப்பாதை. கோல்டன் கேட் பாலம்கூட ஒரு தடவை பார்த்ததோடு சரி. இங்கே மூன்று முறை போய்விட்டேன்.

லாபிரிந்த்தைத் தமிழில் புதிர்ப்பாதை என்கிறார்கள். இதற்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. புதிர் என்றால் வழி பிரிய வேண்டும், முட்டுச்சந்து இருக்க வேண்டும். இதில் இருப்பது ஒரே பாதை. கால் வைத்துவிட்டால் சுற்றிச் சுற்றி நடுவுக்குத்தான் போய்ச் சேருவோம். வெளியே வருவதும் அதே வழியில்தான். வழி தவற முடியாது.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். முதல் நாள் நடக்காமல் ஓரமாக நின்று நோட்டில் வரைந்து பார்த்தேன். 11 சுற்று, நடுவில் ஆறு இதழ்ப் பூ. பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் தரையில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த வடிவத்தைப் பார்த்துச் செய்தது. அங்கே குறுக்களவு 13 மீட்டர்கூட இல்லை. அதற்குள் சுமார் 260 மீட்டர் நடையை மடித்து வைத்திருக்கிறார்கள். வரையும்போது இரண்டு இடத்தில் தப்பு செய்து அழித்தேன். கையால் வரைந்து பார்த்தால்தான் அந்தக் காலத்துக் கல்தச்சர்களின் அருமை புரிகிறது.

சார்த்ரில் நடந்துவிட்டு வந்து அதை இங்கே கொண்டுவந்தவர் இந்த ஆலயத்தைச் சேர்ந்த லாரன் ஆர்ட்ரெஸ் என்ற பெண் குருவானவர். 1991-ல் முதலில் கான்வாஸ் துணியில் வரைந்து விரித்திருக்கிறார்கள். இப்போது இரண்டு இருக்கின்றன. வெளியே முற்றத்தில் இருப்பது 1995-ல் போட்ட டெராசோ தரை, கல்துண்டுகளைப் பதித்து மெருகேற்றியது. உள்ளே இருப்பது 2007-ல் பதித்த சுண்ணாம்புக்கல். உள்ளே உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், எல்லாம் அழகுதான். ஆனால் எனக்குப் பிடித்தது வெளியே இருப்பதுதான். கட்டணம் இல்லை, எந்த நேரமும் போகலாம், மேலே வானம் தெரிகிறது. கதீட்ரலைச் சுற்றிப் பார்க்கத் தனியாக டிக்கெட் உண்டு.

பாதையின் வாசலில் நுழைந்து நாலு எட்டு வைத்ததும் இடதுபக்கம் திரும்ப வேண்டும். நடு நமக்கு வலக்கைப் பக்கம் வருகிறது. கோயில் பிராகாரம் சுற்றிப் பழகிய காலுக்கு நிம்மதியாக இருக்கும். கொஞ்ச தூரம்தான். அப்புறம் பாதை மடங்கி எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. இடமாகச் சுற்றக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். முதல் தடவை எனக்குக் கால் தயங்கியது. இரண்டாவது தடவை தயங்கவில்லை.

ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே நடுப்பூவுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய் விடுகிறது. கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும். வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது வெளியே தள்ளும். நடந்து நடந்து கடைசி ஓரத்துக்கே வந்து, இனி எங்கே நடு என்று அலுத்துப் போகும் நேரத்தில் இரண்டே மடிப்பு, உள்ளே போய்விடுகிறோம்.

இன்னொன்று, கூட நடப்பவர்கள். இரண்டாவது முறை என்னோடு வயதான சீனப் பெண்மணி ஒருவர் நடந்தார். ஒரு சுற்றில் தோளோடு தோள் உரசுவதுபோல் பக்கத்தில் வருவார். அடுத்த மடிப்பில் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். பிறகு எதிரே வருவார், ஒதுங்கி வழி விடுவோம். எனக்கு என் தங்கை ஞாபகம் வந்துவிட்டது. அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததில் இருந்து நான்கு வருஷமாகப் பேச்சில்லை. அந்த அம்மா மூன்றாவது முறை பக்கத்தில் வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல் நடந்தார். அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன்.

நடுவில் சிலை இல்லை, சிலுவை இல்லை. வெறும் தரை. பூவின் ஓர் இதழில் நின்றேன். கும்பிடுவதற்கு எதிரே ஒன்றும் இல்லாததால் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கோத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயிலில் எம்பார்கடெரோ வந்து, கலிஃபோர்னியா தெரு கேபிள் காரில் (தெருவில் தண்டவாளத்தில் ஓடும் டிராம் மாதிரி வண்டி) ஏறுங்கள். நடந்து ஏறினால் முழங்கால் தாங்காது. மேட்டில் காற்று அதிகம், ஸ்வெட்டர் அவசியம். காலை நேரமே நல்லது. மதியத்துக்கு மேல் படம் எடுப்பவர்கள் கோடுகளைக் குறுக்கே தாண்டுவார்கள், நடை கலைந்துவிடும். செருப்பைக் கழற்ற வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நான் கழற்றினேன், தரை சில்லென்று இருந்தது. அவசரப்படாமல் போய்த் திரும்ப அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஹண்டிங்டன் பூங்காவில் பெஞ்சு இருக்கிறது; முடித்துவிட்டுக் கட்டாயம் கொஞ்சம் உட்காருங்கள்.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில், கம்பைநல்லூர்ப் பக்கம், கற்களை அடுக்கிச் செய்த பழைய லாபிரிந்த் ஒன்று உண்டு. ஏழு சுத்துக் கோட்டை என்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தும் நான் போனதில்லை. தங்கை அந்தப் பக்கம்தான் வாக்கப்பட்டுப் போனாள்.

மூன்றாவது தடவை நடந்து முடித்துப் பூங்காவில் உட்கார்ந்து போனை எடுத்தேன். இங்கே காலை பத்தரை, ஊரில் இரவு பதினொன்று. தூங்கியிருப்பாள் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, மாலை ஆறு மணிக்கு அலாரம் வைத்தேன். அவள் அப்போதுதான் வாசல் தெளித்துவிட்டுக் காபி போட உள்ளே போயிருப்பாள்.