நான்காம் நாள் வலி: மாத்திரையா, ஒத்தடமா?

மாதவிடாயின் முதல் நாள் வலிக்கு மாத்திரை முந்தும். நான்காம், ஐந்தாம் நாளில் திரும்பி வரும் தாமத வலிக்கு ஒத்தடம்தான் சரி என்பது என் கட்சி. வலிக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

முதல் இரண்டு நாளில் கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் ஏராளமாக வெளிப்படும். கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிவது அதுதான். அது புதிதாக உருவாகாமல் இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரை தடுக்கும். ஏற்கெனவே உருவானதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் உதிரப்போக்கு தொடங்கியதுமே போட்டால் நன்றாகக் கேட்கிறது, வலி முற்றிய பின் போட்டால் அரைகுறையாகக் கேட்கிறது. சாதாரண மாதவிடாய் வலி பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். அதன் பிறகு சுருட்டிப் பிடித்து, ரத்தக் கட்டி ஒன்று வெளியேறியதும் சட்டென்று தணிந்தால், கருப்பை வாய் வழியே அதைத் தள்ளிய வலியாக இருக்கலாம். மலச்சிக்கலும் வாயுவும்கூட இதே இடத்தில்தான் வலிக்கும்.

மாத்திரையின் கணக்கைப் பார்ப்போம். இப்யூபுரூஃபன் என்றால் சாப்பிட்ட பின் 400 மி.கி., 6 முதல் 8 மணி நேர இடைவெளியில். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1,200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மாதவிடாய் வலிக்குப் போடும் இன்னொரு மாத்திரையான மெஃபனாமிக் அமிலத்தை 2, 3 நாளுக்கு மேல் எடுக்க வேண்டி வரக் கூடாது என்பது வழக்கமான வரையறை. இங்கேதான் முடிவு தெரிகிறது: தாமத வலி தொடங்கும்போது மாத்திரைக்கான நாட்கள் தீர்ந்துவிட்டன. கருப்பையைப் பிழியும் அதே புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மூன்று நாள் அதை அடக்கிவிட்டு நான்காம் நாளும் தொடர்ந்தால் நெஞ்செரிச்சலும் வயிற்றுப் புண்ணும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒன்று கேட்கவில்லையென்று இன்னொன்றைச் சேர்த்துப் போடுவது அதைவிட மோசம். இப்யூபுரூஃபனும் மெஃபனாமிக் அமிலமும் ஒரே வகை மருந்துகள். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே வேண்டாம். பாராசிட்டமால் வயிற்றுக்கு இதமானது, ஆனால் கருப்பை வலிக்குச் சற்று மந்தம். தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் கலந்த மாத்திரை குடலையும் மந்தமாக்கும் என்பதால் மலச்சிக்கல் வலியை அது கூட்டவே செய்யும்.

ஒத்தடத்துக்கு இந்த நாள் கணக்கு கிடையாது. வெப்பம் தசையைத் தளர்த்தும், அந்த இடத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டும். 39 டிகிரி செல்சியஸ் அளவிலான ஒட்டுப்பட்டையை அடிவயிற்றில் நாள் முழுக்க வைத்துப் பார்த்த ஆய்வில் நிவாரணம் இப்யூபுரூஃபனுக்கு ஈடாகவே இருந்தது. சுடச்சுட வேண்டும் என்ற அவசியமில்லை. மிதமான சூடு, நீண்ட நேரம், அதுதான் சூட்சுமம். பலருக்கு ஒத்தடம் கேட்காமல் போவதே, பொறுக்க முடியாத சூட்டில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுவதால்தான்.

வெந்நீர்ப் பையில் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். காய்ச்சிய நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, மீதிக் காற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றிய பிறகு மூடியைத் திருகுங்கள். காற்று உள்ளே நின்றால் பை உப்பி வயிற்றில் படியாது. மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கசிவு பார்த்துவிட்டு, துணியில் சுற்றி, தொப்புளுக்குக் கீழே 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். வலி முதுகில் இழுத்தால் இடுப்பின் பின்புறம். பையின் மேல் படுக்கவோ, வைத்துக்கொண்டே தூங்கவோ கூடாது. வலி நிவாரணத் தைலம் தடவிய இடத்தில் வைத்தால் தோல் வெந்துவிடும். ரப்பர் வெடித்துக் கோடு விழுந்திருந்தால் அந்தப் பையைத் தூக்கிப் போடுங்கள். ரப்பருக்கு ஆயுள் குறைவு. மாதாமாதம் ஒரே இடத்தில் அதிகச் சூடு பட்டால் வலை பின்னியது போன்ற பழுப்புத் தடம் விழும். தெரிந்தால் சூட்டைக் குறையுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு பட்டதே தெரியாது என்பதால் இந்த வழி ஆகாது.

மின் துடிப்பு தரும் டென்ஸ் கருவியும் சிலருக்கு உதவுகிறது. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஆனால் தாமத வலி மாதாமாதம் வந்தாலோ, மாதத்துக்கு மாதம் கூடினாலோ, ஒத்தடமா மாத்திரையா என்ற கேள்வியே பொருந்தாது. கனமாக இழுக்கும் வலியும் மிகுந்த போக்கும் அடினோமயோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள் வளர்வது), நார்த்திசுக் கட்டி போன்றவற்றைக் குறிக்கலாம். மலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் வலித்தால் எண்டோமெட்ரியோசிஸை, அதாவது உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதை, சந்தேகிக்க வேண்டும். காப்பர்-டி வைத்த முதல் சில மாதங்களிலும் வலி நீளும். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் தொற்றாக இருக்கலாம். ஒருபக்க வலியோடு தலைசுற்றலும் தோள்பட்டை வலியும் சேர்ந்தால் அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மணிக்கொரு பேட் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலும் அப்படியே.