வேகாவா, டெனெப்பா?

இந்த இரண்டு விண்மீன்களில் வெறும் கண்ணுக்கு வேகாதான் ஜெயிக்கும். யாழ் என்ற விண்மீன் கூட்டத்தில் பளிச்சென்று நிற்கும் அதன் ஒளியளவு 0.03, அன்னம் என்ற விண்மீன் கூட்டத்தின் வாலில் இருக்கும் டெனெப்புக்கோ 1.25 (எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்). சரி, தூரத்தையும் பாருங்கள். வேகா 25 ஒளியாண்டில், கிட்டத்தட்ட அடுத்த வீடு. டெனெப் ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருந்துகொண்டே வானத்தின் முதல் இருபது பிரகாச விண்மீன்களில் இடம்பிடிக்கிறது என்றால் அதன் உண்மையான ஒளி சூரியனைப்போல் பல்லாயிரம் மடங்கு இருக்க வேண்டும், அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதனின் பாதையையே விழுங்கிவிடும். வேகா கடைசியில் வெண்குள்ளனாக, அதாவது எரிபொருள் தீர்ந்த சின்ன, அடர்த்தியான விண்மீனாகச் சுருங்கும். டெனெப் பெரும்பாலும் சூப்பர்நோவாவாக வெடிக்கும். என் ஓட்டு டெனெப்புக்கு, ஆனால் வானத்தில் தேடும்போது வேகாவிலிருந்தே தொடங்குங்கள், அப்புறம் கிழக்கே நகருங்கள்.