கண்ணாடி போட்ட மாமாவுக்கு பைனாகுலர் வாங்கின கதை: பாளையங்கோட்டை, மதுரை, கூந்தன்குளம்

வெளிநாட்டுல இருந்து ஊருக்கு வர்றவங்க நிறைய பேரு அப்பாவுக்கு, மாமாவுக்குன்னு பறவை பார்க்க பைனாகுலர் வாங்கிட்டு வர்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பார்க்கப்போறவர் கண்ணாடி போடுறவர்னா அவரைக் கூட வச்சுக்காம வாங்காதீங்க. இந்த ஜனவரில சிங்கப்பூர்ல இருந்து பாளையங்கோட்டை போயிருந்தப்போ இதுக்குன்னே மாமாவையும் கூட்டிக்கிட்டு கடை ஏறி இறங்கினேன், எங்க எப்படி கவனிச்சாங்கன்னு எழுதுறேன், யாருக்காவது உதவும்.

மாமா ரிட்டயர்ட் வாத்தியார். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருஷா வருஷம் போவாரு, ஆனா பைனாகுலரைத் தொடவே மாட்டாரு. கேட்டா "கண்ணாடிக்காரனுக்கு அது சரிப்படாதும்மா, சுத்தி கருப்பா இருக்கு, நடுவுல சின்ன ஓட்டை மாதிரிதான் தெரியுது"ம்பாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு பாருங்கன்னு எல்லாரும் ஈஸியா சொல்லிடுறாங்க. வெறும் தூரப்பார்வை கிட்டப்பார்வை மட்டும்னா ஓரளவுக்கு போகஸ் வீலைத் திருப்பி சரி பண்ணிக்கலாம், மாமாவுக்கு சிலிண்டர் பவர் இருக்கு, அதாவது கண்ணோட வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீரா இல்லாததுக்குப் போடுற பவர், அதை போகஸ் வீல் சரி பண்ணாது, கண்ணாடியோடதான் பார்த்தாகணும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பறவைக்கும் கண்ணாடியைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தா அது பறந்தே போயிடும்.

இதுல பார்க்க வேண்டியது ஐ ரிலீஃப்ன்னு ஒரு அளவு. கண்ணுகிட்ட வர்ற லென்ஸ்ல இருந்து கண்ணு எவ்வளவு தூரம் வரைக்கும் தள்ளி இருந்தா படம் முழுசா தெரியும்ங்கிறதுதான் அது, மி.மீ. கணக்குல போட்டிருப்பாங்க. சாதாரணமா நம்ம கண்ணுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவுலயே 12, 14 மி.மீ. இடைவெளி போயிடுது, அதனால ஐ ரிலீஃப் 15க்கு கீழ இருந்தா கண்ணாடிக்காரங்களுக்கு ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுத்தான் தெரியும், 17, 18 இருந்தா நிம்மதி.

முதல்ல போனது ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. உள்ள நுழைஞ்சதும் "வாங்கக்கா, 30×60 இருக்கு, நிலாவுல இருக்குற குழி கூட தெரியும்"னு மடக்குற மாதிரி குட்டியா ஒண்ணை எடுத்து கையில குடுத்துட்டாங்க. முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கிறது, ரெண்டாவது நம்பர் முன் லென்ஸோட விட்டம் மி.மீ.ல, 60ன்னா ஆறு சென்டிமீட்டர் இருக்கணும், இதோ மொத்தமே உள்ளங்கைல அடங்குது. மாமா கல்லால இருந்த ஸ்கேலை வாங்கி லென்ஸ் மேல வச்சாரு, மூணு சென்டிமீட்டர் கூட இல்ல. ஐ ரிலீஃப் என்னன்னு கேட்டதுக்கு அப்படி எதுவும் இல்லக்கான்னு பதில். வாசல்ல போய் பார்த்துட்டு தர்றோம்னா அதுக்கும் விடல, கடைக்குள்ள எதிர் சுவத்தைத்தான் பார்க்கணுமாம். வயசானவங்க கிட்ட இப்படி ஒரு பொருளைத் தள்ளுறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருந்துச்சு, வாங்கிட்டு போறவங்க என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு அலமாரில போட்டுருவாங்க.

அடுத்து பாளையங்கோட்டைல மாமா வழக்கமா போற கண்ணாடிக் கடை. பைனாகுலர் விஷயத்துக்கு அங்க எதுக்குன்னு கேப்பீங்க, மொத்த பயணத்துலயே பிரமாதமான சர்வீஸ் அங்கதான். மாமாவோட பிரேம் லூஸாகி மூக்கு நுனிக்கு இறங்கி கிடந்துச்சு, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் அவ்வளவு கேப் விழுந்தா எந்த பைனாகுலரா இருந்தாலும் பாதி படம் போச்சு. அந்தத் தம்பி பக்கவாட்டுல இருந்து ஒரு பார்வை பார்த்தாரு, நோஸ் பேடை சின்ன குறடால லேசா விரிச்சாரு, காதுக்கு பின்னாடி வர்ற கம்பியை சூடு காட்டி வளைச்சாரு, போட்டுப் பார்க்கச் சொன்னாரு, திரும்ப கழட்டி இன்னும் கொஞ்சம் வளைச்சாரு. இமை முடி லென்ஸ்ல படாத அளவுக்கு எவ்வளவு நெருக்கமா வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கம். காசு கேட்டா "இதுக்கெல்லாமா, சும்மா போங்க அண்ணாச்சி"ன்னுட்டாரு. பைனாகுலர் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சுருங்க.

அப்புறம் மதுரைல ஒரு கேமரா கடை. மாடல் பேரைச் சொன்னதும் ரெண்டு டெமோ பீஸை எடுத்து வச்சு, தெருவுல போய் பாருங்க சார்ன்னு ஒரு பையனையும் கூட அனுப்பினாங்க. நிக்கான் அக்குலான் 8×42, ஐ ரிலீஃப் 12 மி.மீ., பார்வைக் கோணம் 8 டிகிரி. இன்னொண்ணு நிக்கான் மோனார்க் எம்5 8×42, ஐ ரிலீஃப் 19.5 மி.மீ., கோணம் 6.4 டிகிரிதான். காகிதத்துல பார்த்தா அக்குலான்தான் அகலம், கண்ணாடி போடாம பார்க்குறவங்களுக்கு விலைக்கு நல்ல சாமான். ஆனா கண்ணாடியோட பார்த்த மாமாவுக்கு அந்த அகலத்துல ஓரமெல்லாம் காணாமப் போச்சு, எம்5ல வட்டம் முழுசா, ஓரம் சுத்தமா தெரிஞ்சுது. எதிர் கட்டடத்து மாடில கம்பில உக்காந்திருந்த புறாவை அப்படியே பார்த்துக்கிட்டு நின்னாரு, திரும்பிக் குடுக்கவே மனசில்ல. கண்ணுகிட்ட வர்ற வளையத்தை கண்ணாடிக்காரங்க முழுசா கீழ இறக்கிடணும், அதை அந்தப் பையன் கேக்காமலே இறக்கிக் குடுத்தாரு. நிறைய வீட்ல அது மேல தூக்குனபடியே இருக்கும், யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க.

10×42 வேணுமான்னும் கேட்டாங்க. பெருசா தெரியும்தான், ஆனா கை நடுக்கமும் சேர்ந்து பெருசாகும், வயசானவங்களுக்கு 8 போதும். 42ஐ 8ஆல வகுத்தா 5.25, 10ஆல வகுத்தா 4.2, கண்ணுக்குள்ள வர்ற வெளிச்சக் கத்தை அத்தனை மி.மீ. அகலம்னு வச்சுக்கோங்க, அது அகலமா இருந்தா கண்ணு கொஞ்சம் நகர்ந்தாலும் படம் சட்டுனு இருட்டாகாது, விடியக்காலைலயும் தெளிவா இருக்கும். 8×42 எம்5ஓட கனம் 630 கிராம், கழுத்துல தொங்கினா பரவாயில்லன்னு மாமா சொல்லிட்டாரு. விலை கூடத்தான், யோசிக்காம வாங்கிட்டேன். இந்திய வாரண்ட்டி கார்டுல சீல் குத்தி பில்லோட குடுத்தாங்க, சிங்கப்பூர்ல வாங்கிட்டு வந்திருந்தா ரிப்பேர்னு வந்தா யாரு சுமந்துக்கிட்டு அலையுறது.

மறுநாள் விடியக்காலையே வாடகைக் கார் வச்சுக்கிட்டு கூந்தன்குளம். நாங்குநேரி பக்கம், ஊர்க்காரங்களே பறவைங்களைப் பார்த்துக்குற இடம், வீட்டுக் கொல்லைல நிக்குற மரத்துலயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், யாரும் விரட்ட மாட்டாங்க. டிரைவர் தம்பியும் பொறுமையா காத்திருந்தாரு, ஹாரன் அடிக்கல.

கரையில நின்னு மொதல்ல இடது கண்ணுக்கு நடு வீலை வச்சு போகஸ் பண்ணி, அப்புறம் வலது கண்ணுக்கு மட்டும் இருக்குற வளையத்தை சரி பண்ணிக் குடுத்தேன். மாமாவுக்கு மேல தூரம் கீழ எழுத்துன்னு ரெண்டும் சேர்ந்த லென்ஸ், அதனால குனியாம கண்ணாடியோட மேல்பாகத்து வழியா பாருங்கன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு, கீழ்ப்பாகம் வழியா பார்த்தா மங்கலா போயிடும். பழகுறதுக்கு கொஞ்ச நேரம்தான் ஆச்சு. கூழைக்கடா, கரண்டிவாயன், அப்புறம் ஓரமா வரித்தலை வாத்துக் கூட்டம். மங்கோலியா, திபெத் பக்கம் இருந்து இமயமலையைத் தாண்டி வர்ற வாத்து. "ஏ, தலையில ரெண்டு கருப்புக் கோடு இருக்குல்லா! இத்தனை வருஷமா இது எனக்கு வெறும் வெள்ளை வாத்தும்மா"ன்னு மாமா சத்தமாவே சொல்லிட்டாரு. ஒண்ணொண்ணா தலையைத் தேடிப் பார்த்துக்கிட்டே இருந்தாரு, வெயில் ஏறுற வரைக்கும் வீட்டுக்குக் கிளம்பல.

ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பத்தான் முடியும்ங்கிறவங்க, ஐ ரிலீஃப் நம்பரே போடாத பக்கத்துல வாங்காதீங்க, பெட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டு திருப்பிக் குடுக்கலாமான்னு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. வந்து சேர்ந்ததும் வீடியோ கால்ல வளையத்தை இறக்கச் சொல்லி, கண்ணாடியோட பார்க்கச் சொல்லி, வட்டம் முழுசா தெரியுதான்னு கேளுங்க, தெரியலன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுங்க.